டிபன் பையில் இருந்த சீட்டு

மஸ்கட்
6-11-2000

அன்புள்ள அக்காவுக்கு,

சேகர் எழுதிக்கொள்வது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறையில் நான்கு பேர். சமையல் பரவாயில்லை, மீன் குழம்பு மட்டும் உன் கைப்பக்குவம் இல்லை. மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது? உன் முழங்கால் வலி?

ஒரு முக்கியமான வேலை. இதோடு ஒட்டிய சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் ஷூ கம்பெனி ஆபீசில் இருக்கும் ஜெபகனியின் கையில் கொடுத்துவிடு. லீவில் வந்தபோது உங்கள் முதலாளிக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தேனே, அதைப் பற்றியது. ஷூ வாங்கும் ஜெர்மனி பையர் பார்ப்பதற்காக அடுத்த சீசன் மாடல் படங்கள் அதில் இருக்கின்றன. கிளம்பிய அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்தேன். போட்டுக் கொடுத்தவனிடம் பாஸ்வேர்டு இருக்கக்கூடாது என்று ஜெபகனியை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதனால் இங்கிருந்து என்னால் திறக்க முடியாது. அவர் ஒருவர்தான் செய்யமுடியும்.

ஈமெயில் அனுப்பக்கூடாதா என்பாய். ஆபீஸ் முழுவதற்கும் ஒரே ஈமெயில். வருவதையெல்லாம் பிரிண்ட் எடுத்து மேனேஜர் முக்தார் சார் மேசையில் கிளிப்பில் மாட்டுகிறார்கள். கேன்டீன்காரர் வரை படிக்கிறார். போனும் அதே மேசையில்தான். அதனால்தான் உன்னை நம்புகிறேன். கிடைத்த அன்றே கொடு. நீ பிரிக்காதே.

அன்புத் தம்பி,
இன்பசேகரன்


ஆம்பூர்
22-11-2000

பிரியமுள்ள தம்பி சேகருக்கு அக்கா அமிர்தவள்ளியின் ஆயிரம் முத்தம். (இப்போது வேறு இடத்து முத்தம்தான் வேண்டும் என்றால் திருப்பி அனுப்பிவிடு.)

கர்த்தர் கிருபையில் நான் சுகம். மாமா சுகம். அவர் இருமலும் சுகம். அவரை விட்டு ஒரு நாள்கூடப் பிரியவில்லை. என் முழங்கால் லைனில் நிற்கும்போது அழுகிறது, வீட்டுக்குக் கிளம்பும்போது ஓடுகிறது.

சீட்டு வந்தது. நாலு பக்கமும் கோந்து, மேலே “ஜெபகனிக்கு மட்டும்”. அடேயப்பா! நான் மூணாங்கிளாஸ். ஆனாலும் இது என்ன வெப்சைட் என்று எனக்குத் தெரியாதா? இருபது நாள் லீவில் பத்து நாள் அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பத்து நாளும் அவள் கட்டின புடவையைத் திருப்பிக் கட்டவில்லை. கம்ப்யூட்டர் பார்த்ததோ இல்லையோ, ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற நாங்கள் நாற்பது பேரும் பார்த்தோம்.

கொடுக்காமல் இருப்பேனா? ஆனால் சும்மா கொடுப்பேனா? நேற்று கேன்டீனில் அவள் எதிரில் உட்கார்ந்து, “ஜெபா, உனுக்கு மஸ்கட்லர்ந்து ஒண்ணு வந்துக்குது. இன்னா குடுப்ப?” என்றேன்.

“போங்கக்கா, போன வாரம் எனுக்கு ஜனாதிபதி போன் பண்ணாருன்னு சொன்னீங்க” என்றாள். முகம் மட்டும் செம்பருத்தி.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எல்லார் எதிரிலும் அவள் கையில் வைத்து, அழுகிற வரைக்கும் கிண்டல் செய்யப்போகிறேன். அதுவரை என் டிபன் பையில், ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். உன் மாமாவைவிட அந்தப் பையை நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அமிர்தவள்ளி


மஸ்கட்
30-12-2000

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். ஒரு மாதமாகச் சலாலாவில் வேலை. திரும்பி வந்தபோது உன் கடிதம் மேசையில் காத்திருந்தது. படித்துவிட்டுச் சிரிக்க முடியவில்லை.

அக்கா, இது விளையாட்டு இல்லை. நிஜமாகவே வேலை விஷயம். கிறிஸ்துமஸ் அன்று கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இதைப் படித்த கையோடு எழுந்து போய்க் கொடு. கொடுத்தேன் என்று ஒரு வரி எழுது. மாமாவைப் புகை பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

சேகர்


ஆம்பூர்
16-1-2001

அருமைத் தம்பிக்கு,

புது வருஷம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். நாங்கள் அப்படியே இருக்கிறோம். புதிதாக ஒன்றும் கெடவில்லை.

கிறிஸ்துமஸ் கேரல் எங்கள் தெருவுக்கு விடியற்காலை வந்தது. உன் மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்ததும் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரன் பயந்து பின்வாங்கினான். ஜெபகனி ஆராதனைக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் இருந்தாள். போன வாரம்தான் வேலைக்கு வந்தாள். முகம் வாடிப்போயிருக்கிறது. இந்த மாதிரி முகத்தைக் கிண்டல் செய்தால் நன்றாக இருக்காது.

சீட்டைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறாய். ஆயிற்று என்று வைத்துக்கொள்ளேன். நிம்மதியாகச் சாப்பிடு. இளைத்துப்போய் வந்தால் பெண் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.

அமிர்தவள்ளி


மஸ்கட்
1-2-2001

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் (இருமலைச் சேர்த்து) நலம் என்று அறிந்தேன். சீட்டு ஆயிற்று என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. இனி உனக்குச் சொல்லலாம்.

அந்தப் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் நம் ஆபீசில் இல்லை. எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் நூறு குடித்தனம் வாடகைக்கு இருப்பது போல நூறு கம்பெனிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு அறைக்கும் மூன்று எண் போடவேண்டும். முதல் எண் அறைக்குச் சொந்தக்காரருக்கு. இரண்டாவது, அவர் சேர்த்துக்கொண்டவர்களுக்கு. மூன்றாவது, மற்ற எல்லாருக்கும். பார்க்கலாம் என்றால் நாலு, மாற்றலாம் என்றால் இரண்டு, உள்ளே நுழையலாம் என்றால் ஒன்று. மூன்றையும் கூட்டினால் ஏழு. ஒன்றும் கூடாது என்றால் பூஜ்ஜியம்.

நம் அறைக்கு ஏழு ஐந்து பூஜ்ஜியம் இருக்கவேண்டும். ஜெபகனிக்கு எல்லா உரிமையும் உண்டு. பையர் பாஸ்வேர்டு கொடுத்தால் படத்தை எடுத்துக் காட்டுகிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பார்க்க, நுழைய மட்டும். மற்றவர்களுக்குக் கதவே கிடையாது. ஆனால் நான் கிளம்பிய அன்று படம் ஏறவே இல்லை. எங்கே தடை என்று தேட நேரமில்லை. ஏழு ஏழு ஏழு என்று போட்டேன். ஏறிவிட்டது. “இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், நான் சொன்ன பிறகு மாற்றுங்கள்” என்று ஜெபகனியிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

விமானத்தில்தான் உறைத்தது. நூறு குடித்தனத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், படத்தை எடுக்கலாம், பாஸ்வேர்டு கேட்கிற பூட்டையே கழற்றிப் போடலாம். முதலாளிக்கு ஒரு போன் செய்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். திறந்து போட்டுவிட்டு வந்தேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் சீட்டு, கோந்து எல்லாம்.

நல்லவேளை, மூடியாயிற்று.

சேகர்


ஆம்பூர்
12-2-2001

தம்பி சேகருக்கு,

நீ சுகமா? உன் கடிதம் வந்து நாளாயிற்று. மாமா சுகம்.

இந்தத் தடவை சிரிக்க ஒன்றும் இல்லை. சென்னையில் தோல் கண்காட்சி நடந்தது அல்லவா? அங்கே வேறொரு கம்பெனிக்காரர்களின் ஸ்டாலில் நம்முடைய மாடல் ஷூ. பக்கிள், தையல், குதிகால் எல்லாம் அப்படியே. ஜெர்மனிக்காரர் பார்த்துவிட்டு, உங்களிடம் நம்பிக் கொடுத்தது ஊர் முழுக்க இருக்கிறதே என்று ஆர்டரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

நம் கம்பெனியில் பாஸ்வேர்டு தெரிந்தது ஜெபகனி ஒருத்திக்குத்தான். “நீ குடுக்காம அது இன்னா றெக்க கட்டிப் பறந்துச்சா?” என்று முக்தார் சார் கேட்டாராம். “நான் குடுக்கல சார்” என்று அவள் அதையே சொன்னாளாம். வியாழக்கிழமை மத்தியானம் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஆறு வருஷம் வேலை செய்த பெண். அப்பா இல்லாத வீடு. திருட்டுப் பட்டத்தோடு இனி இந்த ஊரில் எந்தக் கம்பெனி சேர்க்கும்?

உன் வெப்சைட்டில் இப்படி நடக்குமா என்று எனக்குப் புரியும்படி எழுது.

அமிர்தவள்ளி


மஸ்கட்
26-2-2001

அன்புள்ள அக்காவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் கிடைத்திருக்கும். நீ கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.

சீட்டு கொடுத்தது எந்தத் தேதி? கொஞ்சம் யோசித்துச் சொல். கிறிஸ்துமஸுக்கு முன்பே மூடியிருந்தால் படம் அந்த வழியாகப் போகவில்லை. நான் முதலாளிக்கு எழுதினால் என் தவறுதான் வெளியே வரும், ஜெபகனிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. தாமதமாகக் கொடுத்திருந்தால் அது வேறு. அப்போது அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் எழுதியே ஆகவேண்டும்.

ஒரு தேதி போதும், அக்கா. மாமாவுக்கு என் அன்பு.

சேகர்


ஆம்பூர்
24-3-2001

தங்கத் தம்பிக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் மாமா பனியனைக் கழற்றிவிட்டுத் தெருவில் உட்காருவதால் பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மற்றபடி சுகம்.

கம்பெனியில் ஏலகிரிக்கு அழைத்துப் போனார்கள். படகில் ஏறினேன். நான் ஏறின பக்கம் தாழ்ந்தது, எதிரே இருந்த மூன்று பேர் வானத்துக்குப் போனார்கள். ஒரு குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. “அக்கா, உன் தம்பி சாடையா கீது” என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். இறங்கும்போது ஸ்டேஷன் பக்கத்துப் பிரியாணி. கறி கம்மி, எலும்பு ஜாஸ்தி.

ஏதோ தேதி கேட்டிருந்தாய். பிறந்த தேதியே தெரியாதவள் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதானே!

ஜெபகனி அம்மாவை அழைத்துக்கொண்டு நெமிலியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. நீ எழுதின ஏழு ஐந்து பூஜ்ஜியம் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. வடாம் பிழிந்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அமிர்தவள்ளி


மஸ்கட்
8-4-2001

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டும்.

குரங்கைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரு தேதி.

கொடுத்தாயா, இல்லையா?

நானும் யோக்கியன் இல்லை. நீ தேதி சொல்லாதவரை முதலாளிக்கு எழுதவேண்டியதில்லை என்று எனக்கும் அது வசதியாக இருக்கிறது. அதுதான் தூங்கவிடவில்லை.

சேகர்


ஆம்பூர்
2-6-2001

தம்பி சேகருக்கு அக்கா எழுதுவது.

மாமா சுகம். என் சுகத்தைக் கேட்காதே.

கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு என்று வைத்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வந்த பிறகு வாடின முகத்தைப் பார்த்து, சிரிக்கட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று விட்டேன். இரண்டு தடவை அவளே வந்து, “அக்கா, நெஜமாவே ஏதாச்சும் வந்துச்சா? சொல்லுங்கக்கா” என்று கேட்டாள். நெஜமாகக் கேட்கிறாள் என்று தெரிந்தும், “வந்துச்சு, ஆனா தபால்காரன் தின்னுட்டான்” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும். அது உனக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை நான் உனக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மத்தியான ஷிப்ட் விடும் நேரம். கேட்டில் பை பார்க்கும் வரிசையில் எனக்கு நாலு பேருக்கு முன்னால் ஜெபகனி. என்றைக்கும் ஆபீஸ்காரர்களைப் பார்க்கமாட்டார்கள். அன்று முக்தார் சார் நின்றுகொண்டு பார்க்கச் சொன்னார். வாட்ச்மேன் சர்தார் பாஷா அவள் கைப்பையைத் தலைகீழாக மேசைமேல் கொட்டினார். சீப்பு, அம்மாவின் மருந்துச் சீட்டு, பாட்டுப் புத்தகம். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். அவசரப்படவில்லை.

என் முறை வந்தது. “உன் பையில இன்னா இருக்கப்போவுது அமிர்தம், ஊறுகாதான, போ போ” என்றார் சர்தார் பாஷா. நானும் ஏதோ பதிலுக்குச் சொல்லிச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். சீட்டு என் பையில்தான் இருந்தது.

அப்போதும் அது காதல் கடிதம் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்த்துக் கொடுத்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று இருந்தேன். சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரியவில்லை என்று மறுபடி படித்தேன். நம் கம்பெனியில் சாம்பிள் ரூம் இருக்கிறதே, முதலாளி எதையும் தொடலாம், சாம்பிள் ஆட்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம், நாங்கள் வாசல் வரைகூடப் போகக்கூடாது. அந்த ரூமின் கதவு நவம்பரிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது. மூடச் சொல்லி வந்த ஆளை நான் ஊறுகாய்க்கு அடியில் பிடித்து வைத்திருந்தேன். புரிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மறுநாள், உன் கடிதம் வராதது போலவே உனக்கு எழுதினேன்.

முந்தாநாள் நெமிலிக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் நின்று சீட்டை நீட்டினேன். எண்ணெய் படிந்து மஞ்சளாகியிருந்தது. கோந்து அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டியிருக்கலாம். “கடேசி பஸ் அஞ்சு மணிக்குக்கா” என்றாள்.

நாளை முதலாளியைப் பார்க்கப் போகிறேன். வேலை போனால் போகட்டும். நீயும் எழுது. இனி உனக்கும் சாக்கு இல்லை.

அமிர்தவள்ளி


நெமிலி
18-6-2001

அன்புள்ள அமிர்தவள்ளி அக்காவுக்கு,

ஜெபகனி எழுதுவது. அம்மாவுக்குப் பரவாயில்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

முதலாளி அப்துல் சமத் பாய் ஆள் அனுப்பியிருந்தார். நீங்கள் வந்து சொன்னீர்களாம், மஸ்கட்டிலிருந்தும் கடிதம் வந்ததாம். தப்பு நடந்துவிட்டது, மறுபடி வேலைக்கு வா என்றார். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கேட் வழியாக இன்னொரு தடவை என்னால் நடக்கமுடியாது. இங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுக்கிறேன்.

உங்கள் தம்பி, “நான் சொன்ன பிறகு மாற்றுங்கள்” என்றார். சொல்வார் என்று காத்திருந்தேன். மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. இதுதான் சரி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என்னைக் கேட்டபோது அந்த எண்ணைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பெயர் கெடுமே என்று சொல்லவில்லை. நீங்கள் ஒன்று வந்திருக்கிறது என்றது தினமும் சொல்லும் கதைகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டில் ஏழு வரி இருந்தது. வேலைக்கானது ஆறு வரி. அதைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். என் இடத்தில் இருக்கும் சைராவிடம் கொடுங்கள். எப்படி மூடுவது என்று அங்கே யாருக்கும் தெரியாததால் அது இன்னமும் திறந்துதான் இருக்கும். இதையாவது அன்றே கொடுத்துவிடுங்கள்.

ஏழாவது வரி எனக்கு எழுதியது. அதற்கு நவம்பரில் பதில் இருந்தது. சித்திரையில் இங்கே எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பேச்சு பரவுவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று அம்மா அவசரப்பட்டார்கள். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நான் தனியாக எழுதமாட்டேன்.

ஜெபகனி


ஆம்பூர்
14-7-2001

தம்பி சேகருக்கு,

மாமா சுகம். ஆஸ்பத்திரி மருந்தில் இருமல் குறைந்திருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது.

ஜெபகனியின் கடிதத்தை அப்படியே இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்துச் சொன்னால் எதையாவது விட்டுவிடுவேன்.

சமத் பாய் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. “உன் தமாஷுக்கு ஒரு அளவு வேணாமா அமிர்தம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிறுத்தியிருக்கலாம். இப்போது கேட்டில் நானே பையைத் திறந்து மேசைமேல் கொட்டுகிறேன். “இன்னாம்மா பேஜார் பண்ற, பின்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க பாரு” என்கிறார் சர்தார் பாஷா. பாரு என்கிறேன். அவர் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஆறு வரி வந்த அன்றே, லைனைப் பாதியில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சைராவிடம் கொடுத்தேன். போகச் சொன்னாள், போகவில்லை. பின்னால் நின்றேன். ஜெபகனி சொன்னதுபோல் ஏழு ஏழு ஏழாகவே இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் யார் எப்போது வந்தார்கள் என்று எழுதி வைக்குமாம். சைரா அதைத் திறந்து பார்த்தாள். டிசம்பரிலேயே யாரோ பாஸ்வேர்டு பூட்டைக் கழற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் ஆள் வந்திருக்கிறது. முக்தார் சார் நின்றுகொண்டே படித்தார்.

அப்புறம் அவள் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். திரையில் ஏதோ எழுத்துகள், கடைசியில் சின்னதாக மூன்று கோடு.

“இன்னாம்மா அந்தக் கோடு?”

“மத்தவங்களுக்கு இனிமே ஒண்ணும் கெடையாதுக்கா.”

ஏழாவது வரியில் நீ என்ன எழுதினாய் என்று கேட்க நாக்கு துடிக்கிறது. சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் என் பையில் இருந்தது. ஆவி காட்டிப் பிரித்திருந்தால் அரை நிமிஷம். கேட்கமாட்டேன், தம்பி. அந்த மூன்று கோடு எனக்கும்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
அமிர்தவள்ளி